"எங்கள் ஆட்டம் எப்படி?" – லிமரிக்கில் ஹர்லிங் பார்த்துக் கற்றவை

அயர்லாந்தில் ஹர்லிங் ஆட்டத்தை முதன்முறையாகப் பார்க்க உட்காரும் வெளிநாட்டவர் யாராக இருந்தாலும், இடைவேளை வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்: "எங்கள் ஆட்டம் எப்படி, பிடித்திருக்கிறதா?" லிமரிக்கில் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்து, குடும்பத்தோடு இங்கேயே நிலைத்துவிட்ட எனக்கு, இந்தக் கேள்வி வேலையிடத்து உணவறையிலும் முடிதிருத்தும் கடையிலும் மகளின் பள்ளி வாசலிலும் வந்திருக்கிறது. கேட்பவர்கள் பேச்சுக்காகக் கேட்பதில்லை. பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள். பதிலில் வியப்பு போதாவிட்டால் அவர்கள் முகம் சற்று வாடுவதையும் பார்த்திருக்கிறேன். செவிலியர்களாகவும் மென்பொருள் துறையிலும் வேலைக்கு வரும் நம் குடும்பங்கள் இந்தக் கேள்வியை எப்படியும் எதிர்கொள்வார்கள் என்பதால், அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அணிக்குப் பதினைந்து பேர். ஆளுக்கொரு ஹர்லி, அதாவது ஆஷ் மரத்தில் செய்த, அடிப்பக்கம் அகன்று தட்டையாக இருக்கும் மட்டை. பந்தின் பெயர் ஸ்லிட்டர். உள்ளே தக்கை, மேலே தோல், தையல் ஓரங்கள் வரப்புபோலத் தூக்கி நிற்கும். பந்தைத் தரையோடு அடிக்கலாம், காற்றிலேயே அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், மட்டையின் தட்டையில் ஏந்திக்கொண்டு முழு வேகத்தில் ஓடலாம். ஆனால் தரையில் கிடக்கும் பந்தை நேரே கையால் எடுக்கக்கூடாது, கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் போகக்கூடாது. இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல். ஒரு கோல் மூன்று புள்ளிகளுக்குச் சமம். வெள்ளை அங்கி அணிந்து கம்பத்தருகே நிற்கும் துணை நடுவர் கோலுக்குப் பச்சைக் கொடியையும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியையும் அசைப்பார். பலகையில் 3-16 என்று இருந்தால் மூன்று கோல், பதினாறு புள்ளி, ஆக மொத்தம் 25. இந்தக் கணக்கை மனத்திலேயே போடப் பழகிக்கொண்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

என்னை முதலில் லிமரிக் கேலிக் கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போனவர் என்னோடு வேலைபார்க்கும், ஐம்பதைக் கடந்த ஒருவர். லிமரிக் அணி கோல் அடித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. அவரும் எழுந்தார், கத்தினார், ஆனால் அடுத்த கணமே மைதானத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கோலை என் கண்கள் வழியாக இன்னொரு முறை பார்க்க விரும்பியவர்போல இருந்தார். பிறகு மூன்று செய்திகளை வரிசையாகச் சொன்னார்: களத்தில் ஆடும் விளையாட்டுகளில் உலகிலேயே வேகமானது இதுதான், இது மூவாயிரம் ஆண்டு பழமையானது, ஆடுபவர் எவருக்கும் சம்பளம் கிடையாது, திங்கட்கிழமை காலையில் இந்தப் பையன்களில் ஒருவர் வகுப்பெடுப்பார், இன்னொருவர் மாட்டுத் தொழுவத்தில் நிற்பார். பின்னாளில் எத்தனையோ பேரிடம் இதே மூன்று செய்திகளை, ஏறக்குறைய இதே வரிசையில் கேட்டிருக்கிறேன். வெளியாளுக்காகவே ஒரு நாட்டார் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அறிமுகம் அது.

இதில் எனக்கு வியப்பளித்தது, இந்த ஆட்டங்களின் அமைப்பு தொடங்கியதே வெளியார் பார்வையை உதறுவதற்காக என்பதுதான். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில், மைக்கேல் குசாக்கும் மாரிஸ் டேவினும் இன்னும் சிலரும் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தை, எல்லாரும் சொல்லும் பெயரில் ஜி.ஏ.ஏ.வை, நிறுவினார்கள். 1840-களின் பெரும்பஞ்சத்துக்குப் பிறகு நலிந்து கிடந்த ஹர்லிங்கை மீட்பதும், ஆங்கிலேயர் வகுத்த விதிகளின்படியே எல்லா விளையாட்டும் நடக்க வேண்டும் என்ற நிலையை மாற்றுவதும் அவர்கள் நோக்கம். அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகியவற்றை ஆடவோ பார்க்கவோ கூடாது என்ற தடை நீண்டகாலம் இருந்து, 1971-இல்தான் நீக்கப்பட்டது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவரும் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சிக்கு உழைத்தவருமான டக்ளஸ் ஹைட் 1938-இல் அயர்லாந்து–போலந்து கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கப் போனதற்காக, சங்கத்தின் புரவலர் பொறுப்பிலிருந்தே நீக்கப்பட்டார். அடுத்தவர் ஆட்டத்தைப் பார்ப்பதையே குற்றமாகக் கருதிய ஓர் அமைப்பின் ரசிகர்கள், தங்கள் ஆட்டத்தை அடுத்தவர் பார்த்து மெச்ச வேண்டும் என்று இவ்வளவு ஏங்குவது ஏன்? இரண்டும் ஒரே காயத்திலிருந்து வருபவை என்றே நான் நினைக்கிறேன். நீண்டகாலம் ஒருவனின் பேச்சையும் ஆட்டத்தையும் தாழ்வாகவே மதிப்பிட்டு வந்தால், அவன் அந்த மதிப்பீட்டைத் தூக்கி எறிவான். எறிந்த பிறகும், எறிந்தது சரிதான் என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல மாட்டாரா என்று காத்திருப்பான்.

இதை வெறும் தாழ்வு மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுபவர்கள் அயர்லாந்துக்காரர்களிலேயே உண்டு. அது போதாத விளக்கம் என்பதை என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனவரே எனக்குப் புரியவைத்தார். அவர் இளமையில், எண்பதுகளில், வேலையில்லாத் திண்டாட்டத்தால் லண்டனுக்குப் போய்க் கட்டட வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலி அலை ஓரளவு தெளிவாகக் கிடைக்கும் மேட்டுப் பகுதிக்கு நண்பர்களோடு காரில் போய், கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு வர்ணனை கேட்பாராம். திங்கட்கிழமை உடன் வேலைசெய்பவர்கள் ஆர்சனலைப் பற்றிப் பேசும்போது, இவருக்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்ல ஆள் இருக்காது. "ஹாக்கி மாதிரியா?" என்று யாராவது கேட்பார்கள், விளக்கத் தொடங்குவார், அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். வாழ்வின் மிகப் பெரிய மகிழ்ச்சியை விளங்காதவர்கள் நடுவில் பல ஆண்டுகள் சுமந்து திரிந்த ஒருவர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார் என்றால், அவர் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. தன் கதையைக் கேட்க ஒரு காது கிடைக்குமா என்றுதான் பார்த்தார். புலம்பெயர்ந்து போனவர்களை நீக்கிவிட்டு இந்த ஆட்டத்தின் கதையைச் சொல்லவே முடியாது. 1947-இல், அதே சங்கத்தின் இன்னொரு ஆட்டமான கேலிக் கால்பந்தின் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தையே நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடத்தினார்கள். பெரும்பஞ்சத்தின் நூற்றாண்டு நினைவாக, கடல் கடந்து போனவர்களின் கண்முன்னே. கேவன் அணி கெர்ரியை வென்றது.

ஆனால் மெச்சுதலைத் தேடிப் போவதற்கு விலையும் உண்டு. 2014-இல் சில சாம்பியன்ஷிப் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை, கட்டணம் கட்டிப் பார்க்கும் ஸ்கை தொலைக்காட்சிக்குக் கொடுக்கப்பட்டது. ஜூன் மாதம் கில்கென்னி–ஆஃபலி ஹர்லிங் ஆட்டத்தோடு அது தொடங்கியது. பிரிட்டனில் இதை முதன்முறையாகப் பார்த்தவர்கள் "இது என்ன ஆட்டம், இவர்களுக்குப் பைத்தியமா" என்ற பொருளில் சமூக ஊடகங்களில் எழுதியதையெல்லாம் ஐரிஷ் செய்தித் தளங்கள் தொகுத்து மகிழ்ச்சியோடு வெளியிட்டன. அதே வேளையில், கட்டணத் தொலைக்காட்சி இல்லாத கிராமத்து முதியவர்கள், வாழ்நாளெல்லாம் சொந்தக் கிளப்புக்காகச் சீட்டு விற்றும் புல் வெட்டியும் உழைத்தவர்கள், தங்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க மதுக்கடைக்கோ உறவினர் வீட்டுக்கோ போக வேண்டியிருந்தது. இதைப் பற்றிய கோபம் ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை; 2022-உடன் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. வெளியார் வியந்ததைக் கொண்டாடியவர்களும் வீட்டில் பார்க்க முடியாமல் தவித்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2015 நவம்பரில் பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில் கால்வேயும் டப்ளினும் ஆடியது இன்னொரு சான்று. இடம் சிறியது என்பதால் அணிக்குப் பதினொரு பேர். கோல் மட்டுமே கணக்கு, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடிக்கும் புள்ளி கிடையாது. ஹர்லிங் அறிந்தவர்கள் உயிரையே கொடுக்கும் காட்சி, ஓரக்கோட்டருகே எழுபது மீட்டர் தொலைவிலிருந்து ஓடும் ஓட்டத்திலேயே ஒருவர் அடிக்கும் பந்து கம்பங்களுக்கு நடுவே விழுவதுதான். அதை எடுத்துவிட்டுக் காட்டிய ஆட்டத்தை அமெரிக்கர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும், அந்தப் புகழ் ஹர்லிங்குக்குச் சேருமா என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தோன்றவில்லை. 2018-இல் யுனெஸ்கோ ஹர்லிங்கையும் பெண்கள் ஆடும் கமோகியையும் மானுட குலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது ஆட்டத்தை உள்ளபடியே ஏற்ற மதிப்பு என்பதால் எனக்கு அதில் மனநிறைவு உண்டு.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைக்காரர் ஒருவர் வாழையிலையில் சாப்பிடும் காணொளியையும் தமிழில் நான்கு வரி பேசும் காணொளியையும் நாம் எவ்வளவு ஆவலோடு பகிர்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அயர்லாந்துக்காரர் கேட்கும் கேள்வி நமக்கு அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. இரண்டு நாட்டையும் ஆண்டவர்கள் ஆங்கிலேயரே. ஆகவே அந்தக் கேள்வியை மேலிருந்து பார்த்துப் புன்னகைக்கும் உரிமை நமக்கு இல்லை.

எல்லாரும் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு மிக நெருக்கமாக இருப்பவர்கள் கேட்பதே இல்லை. எங்கள் பகுதிக் கிளப்பில் ஹர்லி பழுதுபார்த்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஆஷ் மரத்தூள் மணக்கும். உடைந்த மட்டையின் தட்டையைச் சுற்றித் தகரப் பட்டை வைத்து, சிறு ஆணிகளை வரிசையாக அடித்து இறுக்கிக் கொடுப்பார். மகளை முதன்முதலாக அவரிடம் அழைத்துப் போனபோது, நாங்கள் எந்த நாடு, ஆட்டம் பிடித்திருக்கிறதா என்ற விசாரணை எதுவும் இல்லை. ஒரு மட்டையை எடுத்து அவள் பக்கத்தில் நிறுத்தி, அதன் உச்சி இடுப்பெலும்புக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். "எந்தக் கையால் எழுதுவாய்?" என்று கேட்டார். அவள் மட்டையை வாங்கியதும், மொட்டைமாடியில் என்னோடு கிரிக்கெட் ஆடிய பழக்கத்தில், இடக்கையை மேலேயும் வலக்கையை கீழேயும் வைத்துப் பிடித்தாள். அவர் பேசாமல் அவள் விரல்களைப் பிரித்து, வலக்கையை மேலே வைத்தார். ஹர்லிங்கில் பந்தைப் பிடிக்கவும் மேலே போட்டு அடிக்கவும் இடக்கை விடுபட்டிருக்க வேண்டும். அப்போது மட்டையைத் தனியாகத் தாங்குவது பலமான கையாக இருக்க வேண்டும். இதை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்வார். கிரிக்கெட் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது மாறிப் படிய சில வாரங்கள் பிடிக்கும். வீட்டில் நாம் பழைய பிடியைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தாலே போதும்.

பெரிய மகிழ்ச்சி வரும்போதும் அந்தக் கேள்வி வருவதில்லை. 2018 ஆகஸ்ட் 19. லிமரிக் அணி 1973-க்குப் பிறகு அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டம் வென்றதில்லை. நான் அந்த நண்பரின் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முடிவு நெருங்கும்போது லிமரிக் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தது. பிறகு காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில் கால்வே அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்து, இடைவெளி ஒரே புள்ளியாகச் சுருங்கியது. கடைசியாக ஜோ கேனிங் வெகுதொலைவிலிருந்து அடித்த ஃப்ரீ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தனி அடி, எட்டாமல் கம்பங்களுக்கு முன்னாலேயே இறங்க, லிமரிக் தடுப்பாட்டக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். 3-16, 2-18. நண்பர் தரையில் உட்கார்ந்து அழுதார். அவருடைய தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எனக்கு அது பெரிய கௌரவமாகத் தோன்றியது. பார்வையாளர் ஒருவர் அந்த அறையில் இருக்கிறார் என்ற நினைப்பே அவருக்கு அப்போது இல்லை.

அந்த நாளுக்குப் பிறகுதான், அந்தக் கேள்வியில் எனக்குச் சங்கடமாக இருந்த பகுதி எது என்று பிடிபட்டது. "எங்கள் ஆட்டம்" என்று சொல்லி ஒருவர் என் கருத்தைக் கேட்கும்போது, எவ்வளவு அன்போடு கேட்டாலும், ஆட்டம் அவருடையது, கருத்து மட்டுமே என்னுடையது என்று ஒரு கோடு விழுகிறது. சுற்றுலா வந்தவருக்கு அது மரியாதை. இங்கேயே வரி கட்டி, பிள்ளையை இங்கேயே பள்ளிக்கு அனுப்புபவருக்கு, அந்தக் கேள்வி ஆண்டுதோறும் வந்துகொண்டே இருந்தால், தான் இன்னும் விருந்தாளிதான் என்ற செய்தியும் சேர்ந்தே வருகிறது. ஆடுபவர்களுக்கே அது நேர்ந்திருக்கிறது. 2005-இல் கார்க் அணித்தலைவராகக் கோப்பையை உயர்த்தி ஐரிஷ் மொழியில் உரையாற்றிய ஷான் ஓக் ஓ ஹால்பின், ஃபிஜியின் ரொட்டுமா தீவைச் சேர்ந்த தாய்க்குப் பிறந்தவர்; தந்தை ஃபெர்மானா கவுண்டி, தாய் ஃபிஜி, இரண்டுமே ஹர்லிங்குக்குப் பேர்போன இடங்கள் அல்ல என்று வர்ணனையாளர் மிஹால் ஓ மூர்ஹர்ட்டி வியந்து சொன்னதாக வழங்கும் வரி இன்றும் நாடெங்கும் அன்போடு நினைவுகூரப்படுகிறது. வெக்ஸ்ஃபோர்டின் லீ சின், மலேசியச் சீனத் தந்தைக்குப் பிறந்தவர். களத்தில் தான் எதிர்கொண்ட நிறவெறி வசைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வெளியிலிருந்து ஒருவர் மெச்ச வேண்டும் என்று விரும்பும் அதே கூட்டத்தில், வெளியிலிருந்து வந்தவர் உள்ளே ஆடும்போது பொறுக்காத சிலரும் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அப்படி ஏதாவது காதில் விழுந்தால் அன்றே கிளப்பின் சிறார் நலப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஆட்டத்துக்கு 82,300 பேர் கொள்ளும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்துக்குப் போகாதீர்கள். உங்கள் பகுதிக் கிளப்பின் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போங்கள். கோட்டருகே நின்றால் மட்டையில் மட்டை மோதும் ஓசையும், வீரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரலும் கேட்கும்; தொலைக்காட்சியில் அவை கிடைக்காது. ஹாக்கியோடும் கிரிக்கெட்டோடும் ஒப்பிட்டுப் பேசத் தொடங்காதீர்கள்; அதை அவர்கள் வாழ்நாளெல்லாம் கேட்டுவிட்டார்கள். சம்பளம் கொடுத்தால் உலகெங்கும் பரவுமே என்ற யோசனையையும் தவிருங்கள். பயணப்படியும் சிறு உதவித்தொகையும் தவிர வேறொன்றும் பெறாமல் கவுண்டி வீரர்கள் ஆடுவதுதான் இந்த அமைப்பின் அடித்தளம். பிள்ளையைச் சேர்ப்பதானால் தலைக்கவசத்தை முதலில் வாங்குங்கள். 2010 முதல் ஹர்லிங்கில் எல்லாருக்கும் அது கட்டாயம், ஐ.எஸ். 355 என்ற தர முத்திரை இருக்க வேண்டும், ஊரிலிருந்து கொண்டுவந்த கிரிக்கெட் ஹெல்மெட் செல்லாது. மட்டையைப் பிள்ளையை நேரில் நிறுத்தி அளந்து வாங்குங்கள். வளர்ந்த பிறகு ஆகட்டும் என்று நீளமாக வாங்கினால் மணிக்கட்டு திரும்பாது. பயிற்சி நேரத்தில் காரில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பதைவிட, பந்து பொறுக்கிப் போடவோ தேநீர் ஊற்றவோ ஆள் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். எனக்கு அங்கே ஊர்க்காரர்களின் பெயர்கள் தெரியவந்தது அப்படித்தான்.

"எங்கள் ஆட்டம் எப்படி?" என்று யாராவது கேட்டால், பொதுவான புகழ்ச்சி வேண்டாம். பார்த்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: ஆறாம் எண்காரர் தலைக்கு மேலே எம்பி இரண்டு பேருக்கு நடுவே பந்தைப் பிடித்தாரே, அது. பிறகு நீங்கள் ஒன்று கேளுங்கள்: "உங்கள் கிளப் எது?" இங்கே கிளப் என்பது பெரும்பாலும் ஒரு தேவாலயப் பங்கின் எல்லைக்குள் அமைவது; பொதுவாக ஒருவர் தான் வளர்ந்த இடத்துக்கே வாழ்நாள் முழுவதும் ஆடுவார். கேட்டவுடன் கிளப்பின் பெயரும், அண்ணன் எந்த இடத்தில் ஆடினார் என்பதும், எந்த ஆண்டு எந்தப் பக்கத்து ஊரிடம் ஒரே புள்ளியில் தோற்றார்கள் என்பதும், அந்தப் புள்ளியை நடுவர் தவறாகக் கொடுத்தார் என்பதும் வரிசையாக வந்துவிடும். நான் கேட்ட எவரும், அதற்குப் பிறகு ஆட்டம் எனக்குப் பிடித்ததா என்று மறுபடி விசாரித்ததில்லை.